31ஆம் நாளுக்குள் அம்மாவின் கல்வெட்டு

அம்மா 2025 தை மாதத்தில் கண்மூடினார். வயது 90. செத்தவீட்டுச் சோலிகள் ஓய்ந்து எட்டுச்செலவுச் சடங்கும் முடிந்த இரவு, கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணா என்னைக் கூப்பிட்டு, "கல்வெட்டு வேலையை நீ பார் பிள்ளை. கடைசி வரைக்கும் அம்மாவோட இருந்தது நீதானே" என்றார். அந்தியேட்டிக் கிரியை 31ஆம் நாள். அச்சகக்காரர் பத்து நாள் கேட்டார். எழுதி முடிக்க இரண்டு கிழமைகூட முழுதாக இல்லை.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது, இறந்தவர் நினைவாக அச்சடித்து அந்தியேட்டி அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். நினைவு மலர் என்றும் சொல்வோம். முன்பக்கத்தில் படம், பிறகு இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாக்கள், வம்ச அட்டவணை, கடைசியில் நன்றி. சிவபுராணமும் கந்தசஷ்டி கவசமும் சேர்த்துவிட்டால் ஆட்கள் சாமி அறையில் வைத்துப் படிப்பார்கள், எறிய மாட்டார்கள். நாங்களும் சேர்த்தோம்.

முதலில் இடறியது திதி. வெண்பா எழுதித் தர ஒத்துக்கொண்ட புலவர் ஐயா, வருடம், மாதம், பக்கம், திதி நான்கையும் கேட்டார். குரோதி வருடம், தை மாதம், பூர்வபக்கம் (வளர்பிறை) வரை சரி. அம்மா போன அன்று காலையில்தான் சதுர்த்தி முடிந்து பஞ்சமி பிறந்தது. அம்மாவின் மூச்சு நின்றது எத்தனை மணிக்கு? தங்கச்சி ஒரு நேரம் சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். அழுதுகொண்டிருந்த நேரத்தில் யார் மணிக்கூட்டைப் பார்த்தது? கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி லண்டனுக்கு எடுத்த அழைப்பின் நேரம் அவருடைய தொலைபேசியில் இருந்தது. அதை வைத்துத்தான் சதுர்த்தி என்று முடிவு செய்தோம். ஆண்டுதோறும் திவசம் செய்யப்போகும் திதி அது. வீட்டில் யாராவது ஒருவர் நேரத்தை உடனே ஒரு துண்டுக் கடதாசியில் குறித்து வைத்துவிட்டால் இந்த அலைச்சல் இருக்காது.

படம் தேர்வது ஓர் இரவில் முடிந்தது. வம்ச அட்டவணைதான் என்னை வாட்டியது. அப்பா 2001இல் காலமானபோது அடித்த கல்வெட்டு அலுமாரியில் இருந்தது. அதில் அப்பாவின் பக்கம் ஐந்து தலைமுறை இருந்தது. அம்மாவின் பக்கத்தில் அவருடைய தகப்பன் பெயரோடு நின்றுவிட்டது. அம்மாவைப் பெற்றவளின் பெயர்கூட இல்லை. அம்மாவுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருப்பது சின்னம்மா ஒருவர்தான், வயது 84. அவருடைய திண்ணையில் இரண்டு பின்னேரம் இருந்தேன். ஆண்களின் பெயர் கேட்டால் யோசித்தார். பெண்களின் பெயர் கேட்டால், யார் எந்த வீட்டுக்குக் கலியாணம் கட்டிப் போனது, யாருக்கு எத்தனை பிள்ளை தவறினது எல்லாம் வரிசையாக வந்தது. நான்கு தலைமுறைப் பெண்களை அப்படியே எழுதி எடுத்தேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு சின்னம்மா இருந்தால், தயவுசெய்து இப்போதே போய் இருங்கள்.

அடுத்தது வாழ்க்கை வரலாறு. அண்ணா ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். "அன்னார் கணவருக்கு ஏற்ற மனைவியாகவும், பிள்ளைகளுக்குப் பாசமிகு தாயாராகவும், இல்லற விளக்காகவும்..." என்று போனது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் எங்கள் ஒழுங்கையில் எந்த அம்மாவுக்கும் அது பொருந்தும். எனக்கு மனம் ஒப்பவில்லை. அண்ணாவோடு முதன்முறையாகக் குரல் உயர்த்திக் கதைத்தேன்.

பிறகு அம்மாவின் றங்குப்பெட்டியைத் திறந்தேன். கணக்கு எழுதிய சீ.ஆர். கொப்பிகள் அடுக்கடுக்காக இருந்தன. 1953இல் கலியாணம். அப்பா கொழும்பில் எழுதுவினைஞர், லீவுக்குத்தான் ஊருக்கு வருவார். 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அவர் வரும் நாளை அம்மா கொப்பியில் வட்டம் போட்டு வைத்திருந்தார். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தில் ஒரு கிழமை கணக்கே எழுதவில்லை. அப்பா காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கிய நாளில் "தேங்காய் 2, மீன், சவுக்காரம்" என்று மறுபடி தொடங்குகிறது. ஐந்து பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அக்காவின் கலியாணமும் அந்தக் கொப்பிகளில்தான் இருந்தன.

1990இல் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து பதினொரு வருடம் ஒவ்வொரு நாளும் கடைசி வரி "அவருக்கு" என்று தொடங்கும். அவருக்குக் குளிசை. அவருக்கு எண்ணெய். அவருக்கு ஒரு தோடம்பழம். அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொன்னதே இல்லை, எழுதியதும் இல்லை. அப்பா செத்த மாதத்துக் கொப்பியைத் திறக்க எனக்குக் கை நடுங்கியது. எட்டு நாள் வெறுமை. ஒன்பதாம் நாள் கடைசி வரி: "அவருக்கு விளக்கெண்ணெய்." படத்துக்கு முன்னால் எரியும் விளக்குக்கு. அந்த வரி அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கண் மங்கிக் கணக்கு எழுதுவதை விடும்வரை தொடர்ந்தது.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணாவிடம் காட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீயே எழுது" என்றார்.

எழுதினேன். இடப்பெயர்வைத்தான் கூடுதலாக எழுதினேன். 1995 ஐப்பசி 30, இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நகர்ந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் அடி அடியாகத்தான் போகிறது. அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் கட்டி, தம்பி உருட்டினான். அம்மாவுக்கு அப்போது 61 வயது. ஒரு கையால் அப்பாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையில் ஓர் உரப்பை. அதில் அப்பாவின் குளிசை, இரண்டு சாரம், காணி உறுதி, அப்புறம் தேங்காய் துருவும் எங்கள் திருவலை. "நகைநட்டை விட்டுட்டுத் திருவலையைத் தூக்கிக்கொண்டு வாறா" என்று தங்கச்சி அந்த மழையிலும் ஏசினாள். தென்மராட்சியில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் எட்டுக் குடும்பம் தங்கினோம். அந்த மண்ணில் தேங்காய்க்குக் குறைவில்லை, துருவத்தான் ஒன்றும் இல்லை. எட்டுக் குடும்பத்துக்கும் அந்த ஒரு திருவலைதான். 1996 சித்திரையில் ஊர் திரும்பும்வரை அது ஓயவில்லை.

கல்வெட்டில் திருவலையைப் பற்றியெல்லாம் எழுதலாமா என்று அக்கா தயங்கினார். எழுதலாம் என்று நான் பிடியாக நின்றேன். இந்தப் புத்தகங்களை நூலக நிறுவனம் எண்ணிமமாக்கி இணையத்தில் சேர்த்துவைக்கிறது. பழைய நினைவு மலர்களில் ஊர், தொழில், உறவு என்று எவ்வளவோ அறியக் கிடக்கிறது. எங்கள் அம்மாவும் அதில் இருக்கட்டும் என்று நினைத்தேன். புலம்பல் பாக்களில் பிள்ளைகள் புலம்பலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புலவர் ஐயாவிடம் சொல்லிவிட்டு விட்டுவிட்டோம். அவர் மனம் கோணவில்லை.

30ஆம் நாள் மாலை 300 பிரதி வந்தது. முதல் பிரதியைப் பிரித்த உடனே நெஞ்சு அடைத்தது. வம்ச அட்டவணையில் அம்மம்மாவின் பெயரில் ளகரம் லகரமாகியிருந்தது. சரி பார்த்துத் திருத்திய பிழை, அச்சில் பழையபடியே வந்துவிட்டது. பெயரே இல்லாமல் இருந்தவளுக்கு இப்போதுதான் பெயர் கிடைத்தது, அதிலும் பிழையா? மறுபடி அடிக்க நேரம் இல்லை. அண்ணாவின் மகள் ரொறன்ரோவில் பிறந்தவள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். "இவ ஆர் மாமி?" என்று கேட்டாள். அப்பம்மாவின் அம்மா என்றேன். கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு விறாந்தையில் இருந்துவிட்டாள். லகரத்தை ளகரமாக்கும் அந்தக் கோட்டை, ஒவ்வொரு பிரதியிலும், நிதானமாக, சாமம் கடந்தும் போட்டாள். 300உம் அவள் கைபட்டவை.

மறுநாள் விடிய கீரிமலையில் கிரியை முடித்து வந்து, மத்தியானம் வீட்டில் புத்தகம் கொடுத்தோம். சாப்பாட்டுக்குப் பந்தி போடும் நேரம். தென்மராட்சியில் எங்களோடு ஒரே வகுப்பறையில் இருந்த ஒரு ஆச்சி, பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். திருவலை வந்த இடத்தில் பேத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைத் தேடினார்.

"அது இப்பவும் இருக்கோ பிள்ளை?"

கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் கூட்டிப் போனேன். பின் விறாந்தையில் அதன்மேல் இருந்து, பாயாசத்துக்குப் பால் பிழியத் தங்கச்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.