மாதவரத்து வெயிலில் கேபின் ஹீட்டர் ரிப்பேர்

சென்னை லாரிக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்காத ஆளே மாதவரத்தில் கிடையாது. திருவொற்றியூரில் டயர் ஏற்றிக்கொண்டு ஜனவரியில் ஸ்ரீநகர் போய்ப் பாருங்கள், புரியும். ராம்பன் பக்கம் மண் சரிந்தால் என்.எச். 44-ஐ மூடிவிடுவார்கள். இறங்கி வரும் வண்டிகள் காசிகுண்டில் நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ராத்திரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. விடிய விடிய எஞ்சினை ஓட்டினால் டீசல் காலி. கேபினுக்குள் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு தூங்கினால் உயிரே போகும். அதற்காக வாங்கியதுதான் சீனத்து டீசல் ஹீட்டர்: 2 கிலோவாட், 24 வோல்ட். மணிக்குக் கால் லிட்டருக்குள் குடிக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் காசிகுண்டில் அது காலை வாரியது. ஹீட்டரின் டீசல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கிறது, அதன் சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது, கொஞ்ச நேரத்தில் திரையில் ஈ-10. எங்கள் கண்ட்ரோலரில் அதற்கு ‘பற்றவில்லை’ என்று பொருள். வெள்ளைப் புகை என்றால் டீசல் போய்ச் சேர்கிறது, எரியவில்லை. கறுப்புப் புகை என்றால் எரிகிறது, காற்று போதவில்லை. இது ஒன்று தெரிந்தாலே பாதி வேலை மிச்சம்.

டீசல் உறைந்திருக்கும் என்றார்கள் பக்கத்து வண்டிக்காரர்கள். லடாக்கில் அது நடக்கும். அதற்காகத்தான் 2019-இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே கொண்டுவந்தது. ஆனால் அதே டேங்க் டீசலில் எங்கள் எஞ்சின் மக்கர் பண்ணாமல் ஸ்டார்ட் ஆனது. மாதவரம் வந்து போட்டுப் பார்த்தபோதும் ஹீட்டரில் அதே வெள்ளைப் புகை, அதே ஈ-10. ஆகவே குளிரைக் குறை சொல்ல வழியில்லை.

எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) வேலைக்கு வண்டி ஷெட்டுக்கு வந்தபோது எலக்ட்ரீஷியன் பாயிடம் காட்டினேன். "இன்னா தலைவரே, நாங்க ஏசி இல்லாம சாவுறோம், நீங்க ஹீட்டர் கேக்குறீங்க?" என்று சிரித்துவிட்டுத்தான் மீட்டரையே எடுத்தார். சென்னையில் இதைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பநிலை மோடில் வைத்தால், கேபின் ஏற்கெனவே 36 டிகிரி, சூடு போதும் என்று ஹீட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். பம்ப் நொடிக்கு எத்தனை முறை அடிக்கவேண்டும் என்று நாமே வைக்கும் ஹெர்ட்ஸ் மோடில் வைத்தால்தான் பற்றவே முயலும்.

பாய் பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 25 வோல்ட்டுக்கு மேல். அதே நேரம் ஹீட்டர் கனெக்டரில் வைத்தால், டீசலைப் பற்றவைக்கும் ஹீட்டர் பிளக் சூடாகும்போது 21-க்கு இறங்குகிறது. பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில்தான் இது அதிகக் கரண்ட் இழுக்கும். எரிய ஆரம்பித்துவிட்டால் ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். பியூஸ் ஹோல்டரைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு வேறென்ன வரும்? தடித்த ஒயரைப் பேட்டரியிலிருந்தே நேராக இழுத்து, புது ஹோல்டர் வைத்தார். வோல்டேஜ் நின்றது. புகை நிற்கவில்லை.

அடுத்தது டீசல் வழி. பம்ப் படுத்த வாக்கில் இருந்தது. வெளிவாய் மேலே பார்க்கும்படி சாய்த்து மாட்டினால்தான் காற்றுக் குமிழ் தங்காது. கிட்டோடு வந்த மெத்தென்ற பச்சைக் குழாயையும் கழற்றி எறிந்தோம். பம்ப் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அது ஊதிச் சுருங்குகிறது. அதற்குப் பதில் உள்துளை 2 மில்லிமீட்டர் உள்ள விறைப்பான நைலான் குழாய் போட்டோம்.

பிறகு, டீசல் எரியக் காற்று இழுக்கும் காற்றுக் குழாயைக் கழற்றினேன். உள்ளே குளவிக் கூடு! போன வருஷம் வண்டி லோடு இல்லாமல் நின்ற மாதங்களில் கட்டியிருக்கும்; மண் காய்ந்து, உள்ளே காலி. வாய் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. காற்று குறைந்தால் கரி சேரும். ஹீட்டர் பிளக்கைச் சுற்றி இருக்கும் எஃகு வலை கரியில் மூழ்கிவிட்டால் டீசல் ஆவியாகாது, பற்றாது, வெள்ளைப் புகையாகப் போகும். பர்னரைப் பிரித்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. வலையைச் சுத்தம் செய்ய மெனக்கெடவில்லை. ஆன்லைனில் புதிது வாங்கினேன், விலை பெரிதில்லை. ஒருமுறை பிரித்தால் கேஸ்கெட்டையும் மாற்றியே ஆகவேண்டும். அங்கே கசிந்தால் எரிந்த புகை கேபின் காற்றோடு கலக்கும். செராமிக்கால் ஆன அந்த ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கிறேன் என்று பேட்டரியில் நேராக வைக்க வந்தான் ஷெட் பையன். நல்லவேளை பாய் தடுத்தார். வைத்திருந்தால் விரிசல் விட்டிருக்கும். மீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) மட்டும் பார்த்தோம், சரியாக இருந்தது.

எல்லாம் மாட்டி ஹெர்ட்ஸ் மோடில் போட்டோம். முதலில் லேசான புகை, பிறகு சைலன்சரில் வெறும் அனல். கேபினில் உட்கார்ந்திருந்த பையன் கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

இப்போது மாதம் ஒருமுறை, கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, அரைமணி நேரம் ஃபுல்லில் ஓட்டுகிறேன். சேர்ந்த கரி எரியும், பம்பில் டீசல் பிசுபிசுக்காது. சிம்மிலேயே விடிய விடிய ஓட்டுவதுதான் கரிக்கு முதல் காரணம் என்பதை டிரைவருக்கும் சொல்லியிருக்கிறேன். நிறுத்தும்போது மெயின் சுவிட்சில் கை வைப்பதே இல்லை. கண்ட்ரோலரில் நிறுத்தினால் மிச்ச டீசலை எரித்து, ஃபேன் ஓடிச் சூடு தணிந்த பிறகு தானே அடங்கும். லே வரை லோடு கிடைத்தால், 3,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும் என்பதால் பம்ப் ஹெர்ட்ஸைக் குறைக்கவேண்டும். படுக்கைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியாயிற்று. காற்றுக் குழாய் வாய்க்குக் கம்பி வலை வைத்திருக்கிறேன். சைலன்சர் வாயில், வண்டி சும்மா நிற்கும்போது மட்டும், சிவப்புத் துணி அடைத்துவைக்கிறேன். எடுக்க மறக்கக் கூடாதென்றுதான் சிவப்பு.