ஞாங்லேபின் மாதா கெபிக்கு அப்பாவும் வந்தார்

ஞாங்லேபின் என்றால் பர்மியப் பேச்சில் நாலு ஆலமரம். ரங்கூனிலிருந்து மண்டலே போகும் ரயில் பாதையில், பெகு தாண்டி வரும் ஊர். லூர்து மாதா திருநாளான பிப்ரவரி 11ஐ ஒட்டி நாடெங்கிலும் இருந்து கத்தோலிக்கர்கள் இங்கே, மாதாவின் குகைக் கோயிலான கெபியில் கூடுவார்கள். கரேன்காரர், சின்காரர், பர்மியர், நம் தமிழ் சனம். எனக்கு விவரம் தெரிந்து அம்மா ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. அப்பா ஒரு வருஷம்கூட வந்ததில்லை.

அவர் முருக பக்தர். ஸ்டேஷன் வரை வருவார், ஜன்னல் வழியாகச் சோற்றுத் தூக்கை நீட்டுவார், "பத்திரம்" என்பார். அவ்வளவுதான். அம்மா அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பங்குனி உத்திரம் பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குள்தான் விழும். அவருக்குக் காவடி விரதம், அவளுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி. வீட்டில் கருவாட்டு வாசனையே இருக்காது. "ரெண்டு சாமிக்கும் ஒரே சாம்பார்" என்று சிரிப்பாள்.

1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாமாக்கள் மூன்று பேரும் மதராசுக்குக் கப்பலேறினார்கள். அப்பா நகர மாட்டேன் என்றுவிட்டார். அம்மாவுக்கு அப்போது 18 வயது, கல்யாணமாகி நாலு மாசம். அவர் இருக்கிற இடத்தில்தான் நான் என்று நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அண்ணன்மாரை அவள் பார்த்தது கடிதத்தில்தான்.

புனித அகுஸ்தீனின் தாயான புனித மோனிக்காமேல் அம்மாவுக்குத் தனிப் பாசம். அந்த அம்மாளின் புருஷனும் நெடுங்காலம் வேறு சாமி கும்பிட்டவர். 387இல், சொந்த மண்ணை விட்டு ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான ஒஸ்தியாவில் சாகக் கிடந்தபோது, இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பூசை வைக்கும் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாளாம். அம்மா கேட்டதும் அதையேதான். கல்லறைக்குப் பூ வேண்டாம், ஞாங்லேபினில் ஒரு பூசை வையுங்கள்.

2018இல் அம்மா போனாள். மறு பிப்ரவரி, நான் பையைக் கட்டும்போது அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் இருக்கையில் ஒரு தடவை வந்திருந்தால் என்ன?

ரயில் குதிரை மாதிரி குதித்தது. பெகு தாண்டியதும் எங்கள் பெட்டியில் செபமாலை தொடங்கியது, ஒரு மூலையில் கரேனில், ஒரு மூலையில் தமிழில். அப்பாவோ வெளியே பார்த்து, "உளுந்து இந்த வருஷம் நல்லா வந்திருக்கு" என்றார். ஆயுசுக்கும் பயறு, உளுந்துத் தரகு பார்த்தவர். நெல் அறுத்த வயலில்தான் இங்கே உளுந்து போடுவார்கள், அது இந்தியாவுக்கும் போகும். கப்பலேறிப் போன மாமாக்கள் வீட்டு இட்லியிலும் இந்த மண் கொஞ்சம் கலந்திருக்கும்.

பூசையில் அம்மா பேரை வாசித்தபோது அப்பா எழுந்து நின்றார். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

சாயங்காலம் மெழுகுவர்த்திப் பவனி. காற்றுக்கு அணையாமல் இருக்கக் காகிதத்தைச் சுருட்டிச் செருகியிருந்தோம், அப்படியும் மெழுகு அப்பாவின் விரலில் சொட்டி உறைந்தது. இன்னொரு கையில் அம்மாவின் செபமாலை. அம்மா பழைய மந்திரத்தைத்தான் சொல்வாள், "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்று. சாமியார் எத்தனை தடவை திருத்தினாலும் மாற்றவில்லை. அப்பாவுக்குப் பழசு, புதுசு இரண்டுமே தெரியாது. ஒவ்வொரு மணிக்கும் "முருகா" என்று உதட்டை அசைத்தபடி நடந்தார். கெபி வரைக்கும் அதேதான். மாதா ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் பத்தில் நின்றுவிட்டார்.

"பத்துன்னியே, ஒம்பதுதானே இருக்கு?"

"ஒரு மணி உடைஞ்சு போச்சுப்பா. அந்த முடிச்சையும் சேர்த்து எண்ணணும். அம்மா அப்படித்தான் எண்ணுவாங்க."

வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தடித்த சணல் நூல், அழுக்கேறிக் கறுத்து, விரல் பட்டுப் பட்டு வழவழவென்று மணி போலவே ஆகியிருந்தது.

"சாக்குத் தைக்கிற நூலு" என்றார். "நான் போட்டது. மணி வாங்கி அப்புறம் கோத்துக்கன்னு சொன்னேன்."

பின்னால் வந்தவர்கள் இடிக்கத் தொடங்கினார்கள். முடிச்சைத் தள்ளிவிட்டு அடுத்த மணிக்குப் போனார்.