கடைசி முப்பது கிலோமீட்டர்

மார்ச் 2, ஞாயிறு

இந்த மாதம் 22ஆம் தேதி, சனிக்கிழமை, சைக்கிளில் தனியாக நகரத்துக்குப் புறப்படுகிறேன். தூரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். திட்டமிடுவதை அவ்வப்போது இங்கே எழுதிவைக்கிறேன். தனியாகக் கிளம்ப நினைக்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

கேட்பவர்கள் எல்லோரும் தூரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். தூரம் எனக்குப் பெரிய கவலை இல்லை. நாள் முழுக்க மிதித்துக் கால் ஓய்ந்து, கண் சோர்ந்து, ‘வந்துசேர்ந்துவிட்டோம்’ என்று மனம் தளரும் நேரத்தில்தான் பயணத்தின் மிக மோசமான சந்திப்புகள் வரும். நகரத்துக்குள் நுழையும் சைக்கிள்காரரின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே வீட்டு வாசலிலிருந்து திட்டமிடப்போவதில்லை. நகரத்தில் போய் இறங்கும் வாசலிலிருந்து பின்னோக்கி வரப்போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதலில் நேரக் கணக்கு. நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் ‘பிரவே’ என்று ஒன்று உண்டு, குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 200 கிலோமீட்டர் பிரவேயை முடிக்கப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். ஓய்வு, பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் என்று வருகிறது. சமதரையில் நான் 20க்கு மேல் போவேன். ஆனாலும் திட்டத்துக்கு 15ஐத்தான் எடுத்துக்கொள்கிறேன். மிச்சப்படும் நேரம் ஓய்வுக்கு ஆகும். பற்றாக்குறை வந்தால் அது இருட்டில்தான் கொண்டுபோய்விடும்.

அந்தக் கணக்கில் 140 கிலோமீட்டருக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் முடித்தால் சனிக்கிழமை மாலை நெரிசலில், களைப்பின் உச்சத்தில், நகர எல்லையைத் தொடுவேன். வேண்டாம். 110ஆவது கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூரில் இரவு தங்கிவிட்டு, மீதி முப்பதை ஞாயிறு காலையில் போகிறேன். அலுவலகம் கிடையாது, பள்ளி வாகனங்கள் கிடையாது, சரக்கு இறக்கும் லாரிகளும் குறைவு. உடலும் தூங்கி எழுந்திருக்கும்.

ஒரே மூச்சில் போனால்தான் சாதனை என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அந்தச் சாதனை தேவையில்லை.

மார்ச் 8, சனி

இன்று பகல் முழுவதும் அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டரோடு கழிந்தது.

வழிகாட்டிச் செயலியில் கார் வழியைக் கேட்டால் விரைவுச்சாலையைக் காட்டுகிறது. பல நாடுகளில் அத்தகைய சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. அனுமதி இருந்தாலும் நான் ஏறமாட்டேன். சைக்கிள் வழியைக் கேட்டால் தூரம் குறைகிறது என்பதற்காக ஏரிக்கரை மண்பாதையில் இறக்கிவிடுகிறது. இரண்டையும் நம்பி அப்படியே போக முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைத் திறந்து, விரைவுச்சாலை வருவதற்கு முன்பிருந்த பழைய சாலையைத் தேடினேன். பெரும்பாலும் புதிய சாலைக்குப் பக்கத்திலேயே, ஊர்களைத் தொட்டுக்கொண்டு, ஒரு பழைய சாலை போகும். இங்கும் இருந்தது. நான்கு கிலோமீட்டர் கூடுதல். அதை மகிழ்ச்சியோடு மிதிப்பேன்.

பிறகு செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு சந்திப்பாகப் பார்த்தேன். எனக்கு அச்சம் தருபவை மேம்பாலங்கள். ஏற்றத்தில் சைக்கிளின் வேகம் நடைவேகமாகிவிடும், வாகனங்களின் வேகம் குறையாது. பாலத்திலிருந்து கிளைச்சாலை பிரியும் இடம் இன்னும் கடினம். ஓரமாகப் போகும் சைக்கிளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வாகனங்கள் இறங்கும். என் வழியில் அப்படி இரண்டு இடங்கள். முதலாவதில் பாலத்துக்கு அடியிலேயே சாலை இருக்கிறது. இரண்டாவதில் வேறு வழி இல்லை. அங்கே இறங்கி, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் தள்ளிக்கொண்டு நடப்பேன்.

தண்டவாளம் ஒன்று சாலையைச் சாய்வாகக் குறுக்கிடுகிறது. சாய்ந்த கோணத்தில் போனால் முன்சக்கரம் தண்டவாள இடுக்கில் சிக்கிவிடும். சக்கரம் அதைச் செங்குத்தாகக் கடக்கும்படி முன்கூட்டியே வளைந்து வர வேண்டும். மழை பெய்திருந்தால் இரும்பும் வெள்ளைக் கோடும் வழுக்கும், இறங்கிவிடுவதே மேல்.

மார்ச் 9, ஞாயிறு

பையைக் கட்டிக்கொண்டு காலி மைதானத்தில் பழகினேன். சுமை கூடினால் சைக்கிள் நிற்க அதிகத் தூரம் எடுக்கிறது. தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்கும்போது கை அறியாமலேயே அந்தப் பக்கம் வளைகிறது. நேர்கோட்டிலிருந்து விலகாமல் திரும்பிப் பார்க்கவும், ஒரு கையை நீட்டிச் சைகை காட்டவும் பழகாதவர் நகரத்துக்குள் தடம் மாறக் கூடாது. பின்பார்வைக் கண்ணாடி உதவும். ஆனால் திரும்பிப் பார்ப்பதில் இன்னொரு பயன் உண்டு. நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று பின்னால் வருபவருக்கு அது தெரிவிக்கிறது.

மார்ச் 13, வியாழன்

சைக்கிளைப் பிரித்துப் பார்த்தேன். பின்டயர் தேய்ந்திருந்தது, அதிக எடையைத் தாங்குவது அதுதான். புது டயரை முன்பக்கம் போட்டு, முன்னால் இருந்த நல்ல டயரைப் பின்னுக்கு மாற்றினேன். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் விழுந்துவிடுவோம். பிரேக் கட்டைகளும் புதிது. செயினுக்கு எண்ணெய்.

பஞ்சர் வந்தால் சாலையோரத்தில் ஒட்டிக்கொண்டு உட்காரும் எண்ணம் இல்லை. இரண்டு மாற்று டியூப் எடுத்துக்கொள்கிறேன். ஒட்டும் வேலை இரவு தங்குமிடத்தில். ஆனால் புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய முள் அங்கேயே இருந்தால் அடுத்த டியூபும் போய்விடும்.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். “தனியாகப் போகாதே என்று சொல்ல மாட்டேன். எப்போது கவலைப்பட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ” என்றார். இவ்வளவு பயனுள்ள கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை.

உட்கார்ந்து எழுதினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு செய்தி அனுப்புவேன். குறித்த நேரத்துக்கு மேல் முக்கால் மணி ஆகியும் வராவிட்டால் அக்கா அழைப்பார். மேலும் ஒரு மணி நேரம் பதில் இல்லையென்றால் நான் தங்கவிருக்கும் விடுதியைக் கேட்பார். அங்கும் போய்ச் சேரவில்லையென்றால் காவல் நிலையம். அந்த எண்கள் அவரிடம் தாளில் இருக்கின்றன. நேரலையாக இடம் காட்டும் வசதியையும் போட்டிருக்கிறேன், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது உறைந்துபோகும். அதை மட்டும் நம்பினால் வீட்டில் இருப்பவர் வீணாகப் பதறுவார்.

என் பெயர், இரத்த வகை, அக்காவின் எண் எழுதிய சீட்டு ஒன்று ஹெல்மெட்டுக்குள், ஒன்று பைக்குள். வழியில் எங்கெங்கே பயணத்தைக் கைவிட்டு ரயிலோ பஸ்ஸோ பிடிக்கலாம் என்பதையும் குறித்தோம். அவ்விடங்களை முன்பே முடிவு செய்துவைத்தால், களைத்த நேரத்தில் மானப் பிரச்சினையாக அது மாறாது.

மார்ச் 19, புதன்

சூரியனைப் பற்றி இன்றுதான் யோசித்தேன். நாளை 20ஆம் தேதி. இதையொட்டிய நாட்களில் உலகில் எங்கும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். சூரியன் நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும். என் வழியின் முதல் இருபது கிலோமீட்டர் நேர்கிழக்காகப் போகிறது. விடிந்ததும் புறப்பட்டால் என் கண் மட்டுமா கூசும்? பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அதே கூச்சம். அவருக்கு முன்னால் நான் இருப்பதே தெரியாமல் போகலாம். சூரியன் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. உதித்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் புறப்பட்டால் கண்மட்டத்திலிருந்து ஏறிவிடும்.

எதிர்காற்றுக்கும் இடம் வைத்திருக்கிறேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே அடித்தால், காற்றின் தடை ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்காகும். அன்று காற்றோடு மல்லுக்கு நிற்காமல் கியரைக் குறைத்து நேரத்தை விட்டுக்கொடுப்பதே சரி.

மார்ச் 21, வெள்ளி

பை தயார். பகலிலும் எரியவிடப் பின்புறச் சிவப்பு விளக்கு. கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை. மேலும் கீழுமாக அசையும் ஒளி, மிதிக்கும் ஒரு மனிதர் என்று தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். தண்ணீர், உப்பு, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து கிடைக்கும்படி தின்பண்டம். பசி வந்த பிறகு தின்றால் காலம் கடந்துவிடும்.

மார்ச் 22, சனி, இரவு

110 கிலோமீட்டர் முடிந்தது. பிற்பகலில் எதிர்காற்று, ஒரு பஞ்சர். அக்காவுக்குச் செய்திகள் நேரத்துக்குப் போயின. நான்கு மணிக்குத் தங்குமிடத்தை அடைந்தபோது நகரம் இரண்டு மணி நேரத் தொலைவுதான். கால்களில் சக்தி இருப்பதுபோலத்தான் தோன்றியது. ஆனால் சைக்கிளைப் பூட்டும்போது சாவி கையிலிருந்து இருமுறை நழுவியது. இந்தக் கையை நம்பி நகரச் சந்திப்புகளுக்குள் பிரேக் பிடிக்க முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

ஏழரைக்குப் புறப்பட்டேன். பழைய சாலையில் நிழல் இருந்தது, வாகனம் குறைவு.

நகரத்துக்குள் நிறுத்தியிருந்த கார்களிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகியே ஓட்டினேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், நகரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு காரின் கதவு பார்க்காமலே முழுக்கத் திறந்தது. நான் அதன் எல்லைக்கு வெளியே இருந்தேன்.

ஒரு சிக்னலில் நீளமான லாரி நின்றது. அதன் ஓரத்தில் முன்னேறிப் போகத் தாராளமாக இடம் இருந்தது. போகவில்லை, பின்னால் நின்றேன். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடச் சிறிய வட்டத்தில் வரும். ஓரத்து இடைவெளி முழுவதையும் விழுங்கிவிடும். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியாவிட்டால் அவருக்கும் என்னைத் தெரியாது. பச்சை விழுந்ததும் அந்த லாரி சைகை விளக்கே போடாமல் ஓரத்துச் சாலைக்குள் திரும்பியது.

ஒன்பதே முக்காலுக்கு அக்காவுக்குக் கடைசிச் செய்தியை அனுப்பினேன்.

இரண்டாவது மேம்பாலத்தின் அருகே பாதசாரிக் கடப்பு வரைபடத்தில் காட்டிய இடத்தில் இல்லை. ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யாரும் திருத்தலாம் என்பதால் மாலையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். ஏரிக்கரைப் பாதை மண் பாதை என்ற குறிப்பையும் சேர்த்தேன். திரும்புவது ரயிலில், சைக்கிளை ஏற்ற முன்பதிவு செய்துவிட்டேன்.