வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து: இரண்டாம் முறை

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வளர்த்த நாட்டுக்கோழிகளில் 24 உருப்படிகளைச் சென்ற மாசியில் வெள்ளைக்கழிச்சலுக்குப் பறிகொடுத்தேன். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு அவை விழுந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. ராணிக்கெட் எனப்படும் இந்த வைரஸ் நோய்க்கு, வந்த பின் கொடுக்கும் மருந்து கிடையாது. தடுப்பு மருந்து கொடுத்திருந்தும் இறந்தனவே என்பதுதான் என்னை வாட்டியது.

பிழை என்னுடையது. பொள்ளாச்சியில் வாங்கிய குப்பியைப் பனிக்கட்டியின்றிப் பேருந்தில் கொண்டுவந்து, கிளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்து வைத்தேன். அந்த மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். வெப்பமும் கிளோரினும் அதைக் கொன்றுவிடும்.

இம்முறை மீன்காரரிடம் பனிக்கட்டி வாங்கி, தெர்மோஸ் குடுவையில் குப்பியை வைத்துக் கொண்டுவந்தேன். சிறிய குப்பியே நூறு கோழிகளுக்கானது. திறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டு அக்காவின் குஞ்சுகளையும் சேர்த்துக்கொண்டோம். ஊசியைக் குத்தியதும் கரைப்பு நீரைக் குப்பி தானாகவே உறிஞ்சியது. அப்படி உறிஞ்சாவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டதென்று பொருள். அதைப் பயன்படுத்தக் கூடாது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் காலை, வெயில் ஏறுமுன், லசோட்டா என்னும் இந்தத் தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒவ்வொரு சொட்டாக விட்டோம். குஞ்சை உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்தால் சொட்டு முதலில் கண்ணின் மேல் முத்தாக நிற்கும்; குஞ்சு ஒருமுறை இமைத்ததும் உள்ளே இறங்கிவிடும். அதைப் பார்த்த பிறகே கீழே விட வேண்டும். அவசரப்பட்டதில் இரண்டு குஞ்சுகளுக்குச் சொட்டு கன்னத்தில் வழிந்தது. அவற்றுக்கு மீண்டும் விட்டோம்.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் மருந்தின் வேலையை ஓரளவு தடுக்கும் என்பதால் இரண்டாம் தவணை அவசியம். 28ஆம் நாள், இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, கிணற்று நீரில் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கலந்து, அதில் மருந்தைக் கரைத்து வைத்தேன். பெரியவை முந்திக்கொள்ளும் என்று தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்ததால் நோஞ்சான்களும் குடித்தன.

எட்டாம் வாரத்தில் அதே நோய்க்கான ஆர்2பி என்னும் தடுப்பூசியை இறக்கையடித் தோலின் கீழ் அரை மில்லி போட வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுக்க நாள் குறித்திருக்கிறேன். சோர்ந்து நிற்கும் கோழிக்கு அந்த ஊசியைப் போடுவதில்லை.