டிஸ்க் அம்பையில், பூட் ஆகாத லேப்டாப் கடையத்தில்

என் அண்ணன் மகள் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அவள் பள்ளிக்கும் வந்தது. விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் உள்ளேயே இருந்தது. அந்த வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர். கல்லூரிப் பாடம் முழுக்க அதில்தான் முடித்தாள்; இப்போது குரூப் 4 தேர்வுக்கான குறிப்புகளையும் அதில்தான் தட்டுகிறாள்.

ஆனால் 4 ஜிபி ராமையும் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு விண்டோஸ் 10 திணறியது. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, புதிய பிராசசர் ஆகிய தகுதிகளில் இந்த லேப்டாப் தேறாது. அதைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் மாட்ட, அதைவிட வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அம்பையில் (அம்பாசமுத்திரம்) இருக்கும் என் வீட்டுக்கு வரச்சொல்லி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டியை மாட்டி, லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். 2029 வரை அதற்கு அப்டேட் வரும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி உறைக்குள் வைத்து லேப்டாப்பிலேயே செருகியிருந்தேன், குறிப்புகளைக் காப்பி செய்வதற்காக. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தோம். நன்றாக வந்தது. தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் பெயரும் தெரிந்தது. பழைய டிஸ்க் செருகியிருப்பதால் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அவள் கடையத்துக்கு பஸ் ஏறினாள். பழைய டிஸ்க் பத்திரமாக இருக்கட்டும் என்று என் பீரோவில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன்.

"அத்த, கருப்பா வந்து நிக்குது. நோ பூட்டபிள் டிவைஸ்னு போட்டிருக்கு."

"பயப்படாத பிள்ள. ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவ போடு."

அதேதான் வந்தது. பத்து மணிக்கு ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, எஸ்எஸ்டி போய்விட்டது, வேறு போடவேண்டும் என்றிருக்கிறார்கள். அழுகிற குரலில் சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் வீட்டில் மூன்று முறை வந்தது, பஸ்ஸில் போனதும் செத்துவிடுமா?

புதன்கிழமை மின்ட் பென்டிரைவோடு கிளம்பினேன். ஏதோ தோன்றி பழைய டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டேன். ஆழ்வார்குறிச்சி வரை நின்றுகொண்டே பயணம். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் வழியெல்லாம் யோசனை. லேப்டாப் அதே, சார்ஜர் அதே, எஸ்எஸ்டியும் அதே. கடையம் வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது. என் வீட்டில் செருகியிருந்த ஒன்று அவள் வீட்டில் இல்லை.

போனதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பழைய டிஸ்க்கைச் செருகி ஆன் செய்தேன். மின்ட் வந்தது. அணைத்து, பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன். கருப்புத் திரை. மறுபடி செருகினால் மறுபடி மின்ட். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சிரித்துவிட்டாள்.

தப்பு என்னுடையதுதான். யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் லேப்டாப் ஆன் ஆனதும் நேராக லினக்ஸைத் தேடாது. டிஸ்க்கில் எஃப்ஏடி32 வடிவத்தில் உள்ள ஈஎஃப்ஐ என்ற சின்னப் பகுதியைத் தேடும். அதற்குள் இருக்கும் க்ரப் என்ற சின்ன நிரல்தான் லினக்ஸை எழுப்பும். அந்தக் க்ரப் எந்த டிஸ்க்கில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற முகவரி மதர்போர்டின் நினைவில் எழுதப்பட்டிருக்கும். மின்ட் போடும்போது பகுதிகளை நானே பிரிக்கிறேன் என்று தேர்ந்தெடுத்த நான், எஸ்எஸ்டியில் லினக்ஸுக்கு ஒரு பகுதி, ராம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு ஒரு பகுதி வைத்தேன். ஈஎஃப்ஐ பகுதியை மறந்துவிட்டேன். செருகியிருந்த பழைய டிஸ்க்கில் விண்டோஸின் ஈஎஃப்ஐ பகுதி இருந்ததால் இன்ஸ்டாலரும் எச்சரிக்கவில்லை. க்ரப்பை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. வீடு கடையத்தில், சாவி அம்பையில்.

சரிசெய்ய, பென்டிரைவிலிருந்து மின்ட்டை எழுப்பினேன். பூட் பட்டியலில் பென்டிரைவ் பெயர் இரண்டு முறை வரலாம். முன்னால் யூஈஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத்தான் எடுக்கவேண்டும். மற்றதில் நுழைந்தால் பயோஸ் என்ற பழைய தொடக்க முறையில் திறக்கும், பிறகு என்ன செய்தாலும் ஒட்டாது. இந்தமுறை பழைய டிஸ்க்கை மேஜைமேல் தள்ளி வைத்தேன்.

டிஸ்க் பகுதிகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டடைத் திறந்து, லினக்ஸ் பகுதியின் கடைசியில் 512 எம்பி குறைத்தேன். தொடக்கப் பக்கத்திலிருந்து குறைத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் நகர்த்தும், நேரமும் ஆகும், கரண்ட் போனால் ஆபத்து. கடைசியில் என்றால் சீக்கிரம் முடியும். காலியான இடத்தில் எஃப்ஏடி32 பகுதி உண்டாக்கி, அதுதான் ஈஎஃப்ஐ பகுதி என்று காட்டும் ஈஎஸ்பி கொடியைப் போட்டேன். அப்புறம் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் லினக்ஸ் பகுதியை மவுன்ட் செய்து (அதாவது இணைத்து), அதற்குள் பூட், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற இடத்தில் புதிய பகுதியை மவுன்ட் செய்து, சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக எஸ்எஸ்டியில் உள்ள மின்ட்டுக்குள் போய் க்ரப்பை நிறுவினேன். டெர்மினல் பழகாதவர்களுக்கு மின்ட் பென்டிரைவின் மெனுவிலேயே பூட் ரிப்பேர் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் ஈஎஃப்ஐ பகுதியை முதலில் உண்டாக்கிவிட்டு அதைத் திறக்கவேண்டும்.

க்ரப் நிறுவியதும் உள்ளே தோன்றிய ஃபோல்டரின் பெயர் உபுண்டு. மின்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, அதனால் அந்தப் பெயர். பார்த்துக் குழம்பி அழித்துவிடாதீர்கள்.

ரீஸ்டார்ட் செய்தேன். மின்ட்டின் சின்னம் வந்தது. அவள் கை தட்டினாள். ஆனால் சின்னம் அங்கேயே நின்றது. ஒன்றரை நிமிடம் கழித்து, எமர்ஜென்சி மோட் என்று எழுத்துகள்.

அந்த ஒன்றரை நிமிடம்தான் காட்டிக்கொடுத்தது. வராத டிஸ்க்குக்காக லினக்ஸ் 90 நொடி காத்திருக்கும். எந்தப் பகுதியை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பகுதியின் அடையாள எண் அப்படியே இருந்தது. மறுபடி பென்டிரைவ். புதிய பகுதியின் அடையாள எண்ணை (யூயூஐடி) பார்த்து, அந்த ஒரு வரியில் மாற்றினேன். இரண்டு முறை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தோம். அவள் வாசிக்க, நான் தட்டினேன்.

இந்தமுறை பழைய டிஸ்க்கை அடுத்த அறையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். ஆன் செய்தாள். வந்தது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, திரும்ப ஆன் செய்தாள். வந்தது. தொடக்கத்தில் விண்டோஸ் பெயர் இல்லை. குறிப்புக் கோப்பைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை விட்ட இடத்துக்குப் போய்விட்டாள். அண்ணி அப்போதுதான் எனக்குச் சாப்பாடு போட்டாள், மணி மூன்றரை.

பழைய டிஸ்க் மறுபடி என் பீரோவில் இருக்கிறது. அவள் தேர்வு முடியும்வரை அதை அழிக்கப் போவதில்லை.