8 லட்சம் பாட் அபராதமும் எங்கள் சமையலறையின் நான்கு பேரும்

2017 ஜூன் 23, வெள்ளிக்கிழமையன்று தாய்லாந்தில் வெளிநாட்டவரின் வேலையைப் பற்றிய அவசரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிய அனுமதி இல்லாத தொழிலாளியை வைத்திருக்கும் முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 4 லட்சம் முதல் 8 லட்சம் பாட் வரை அபராதம், தொழிலாளிக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்பது அதன் சாரம். பாங்காக்கின் சீலோம் பகுதியில், மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரு சிறிய உணவகத்தில் நான் அப்போது கணக்கும் நிர்வாகமும் பார்த்துவந்தேன். சமையலறையில் மியன்மாரைச் சேர்ந்த நான்கு பேர் வேலை செய்தார்கள். நால்வரிடமும் ஒரு காலத்தில் இளஞ்சிவப்பு அட்டை, அதாவது பதிவான வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அரசு தரும் அடையாள அட்டை, இருந்தது. முந்தைய முதலாளி 2016-இல் புதுப்பிக்காமல் விட்டதால் அது காலாவதியாகியிருந்தது. அதைச் சரிபார்க்காமல் வேலைக்கு எடுத்தது எங்கள் தவறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நால்வருக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச அபராதமே 16 லட்சம் பாட் என்று கணக்குப் போட்டபோது, கடையில் இருந்த அடுப்பு முதல் நாற்காலி வரை அனைத்தையும் விற்றாலும் அந்தத் தொகை தேறாது என்று உரிமையாளரான தாய்லாந்துப் பெண்மணி சொன்னார். அது உண்மை.

இப்படியொரு சட்டம் வரப்போகிறது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, யாரும் எங்களைக் கேட்கவுமில்லை. 2014 மே 22 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அப்போது நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமே இருக்கவில்லை. நியமிக்கப்பட்ட சட்டப்பேரவையில் பாதிக்கு மேற்பட்டோர் படையில் இருந்தவர்களும் அதிலிருந்து ஓய்வுபெற்றவர்களுமாகவே இருந்தார்கள். எங்கள் தெருவின் உணவக உரிமையாளர்கள் ஆறேழு பேர் கூடி, கால அவகாசம் கேட்டு மனு எழுதலாம் என்று பேசினார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியல் நோக்கத்தோடு கூடக் கூடாது என்ற 2015-ஆம் ஆண்டு உத்தரவு அப்போது நடப்பில் இருந்தது. அபராதத்தைப் பற்றிப் பேசுவது அரசியலாகுமா ஆகாதா என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாததால் அந்த மனு எழுதப்படவே இல்லை.

தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. முதல் ஐந்தாறு நாள்களிலேயே சுமார் 60,000 பேர் எல்லை கடந்து போய்விட்டதாகக் குடிவரவு அதிகாரிகள் சொன்ன கணக்கு செய்தியில் வந்தது. ஜூலை 1 அன்று எங்கள் சமையலறையில் காய்கறி நறுக்கும் அக்காவும் மியன்மார் எல்லை நகரான மே சோட் போகும் பேருந்தில் ஏறிவிட்டார். "பயப்பட வேண்டாம், ஏதாவது வழி பிறக்கும்" என்று நான் சொன்னேன். என்ன வழி என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் கழித்து, ஜூலை 4 அன்று, இடைக்கால அரசியலமைப்பின் பிரிவு 44 தந்த அதிகாரத்தைக் கொண்டு பிரதமர் பிரயுத் சான் ஓச்சா ஓர் உத்தரவிட்டு, அபராதப் பிரிவுகளை அந்த ஆண்டு முடியும் வரை நிறுத்திவைத்தார். அந்தப் பிரிவின்படி அப்போது இடப்பட்ட உத்தரவு எதுவானாலும் அது சட்டப்படி சரியானதாக, இறுதியானதாகக் கொள்ளப்பட்டது. எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாமல் இருந்தது. ஒரே அரசு ஒரு வெள்ளிக்கிழமை சட்டத்தைக் கொண்டுவந்து, அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தானே அதை நிறுத்தியது. இடைப்பட்ட பதினொரு நாள்களில் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அந்த உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

இதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். 2014 ஜூனில், ஆட்சியைப் பிடித்த ஒரு மாதத்துக்குள், அனுமதியில்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கைது செய்து வெளியேற்றுவோம் என்று இராணுவ ஆட்சி அறிவித்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்கள் சில வாரங்களில் எல்லையைத் தாண்டி ஓடினார்கள். கட்டடப் பணிகள் நின்றன. அதே பாடத்தை மூன்று ஆண்டுகளில் மறந்திருக்கிறார்கள். அரசுக்கு வெளியிலிருந்து நெருக்கடி இருந்தது என்பது உண்மைதான்: மீன்பிடித் தொழிலுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியது, ஆள்கடத்தல் பற்றிய அமெரிக்க அறிக்கை 2014-இல் நாட்டைக் கடைசித் தட்டுக்குத் தள்ளியது. ஆனால் அந்த நெருக்கடிக்குப் பதிலாக அரசு அபராதத்தின் பூஜ்யங்களைத்தான் கூட்டியதே தவிர, ஒரு தொழிலாளி முறையாகப் பதிவாகும் வழியை எளிதாக்கவில்லை.

அபராதம் நிறுத்தப்பட்டபின், அனுமதியில்லாத தொழிலாளர்களை முதலாளிகள் பதிவு செய்வதற்கென்று கூடங்கள் திறக்கப்பட்டன. பதிவுக்குத் தரப்பட்ட காலம் ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 7 வரை, மொத்தம் பதினைந்து நாள். இரண்டாம் நாளே விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். பதினொரு மணிக்கு என் முறை வந்தபோது, நிறுவனப் பதிவுச் சான்று ஏழு மாதத்துக்கு முந்தையது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வாசலில் ஒட்டியிருந்த ஆவணப் பட்டியலில் அந்த வரி இல்லை. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, மேலிடத்திலிருந்து வாய்மொழியாக வந்த அறிவுரை, எழுத்தில் இன்னும் வரவில்லை என்று அந்த எழுத்தர் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. மேலே ஒருவர் விருப்பப்படி சட்டம் பிறந்து, ஒருவர் விருப்பப்படி நிற்கும்போது, கீழே உள்ள மேசைக்கும் நிலையான விதி என்று ஒன்று மிஞ்சுவதில்லை என்பதை அந்தக் கூடத்தில்தான் நான் கண்ணால் கண்டேன்.

இரண்டாம் முறை போனபோது, உரிமையாளர் தன் சார்பில் செயல்பட எனக்கு எழுதித்தந்த அதிகாரப் பத்திரத்தில் சிக்கல் வந்தது. 10 பாட் முத்திரைத்தலை ஒட்டியிருந்தேன். அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் செல்லும், மூன்று பேருக்கான விண்ணப்பம் என்பதால் 30 பாட் ஒட்ட வேண்டும் என்றார் அங்கிருந்தவர். பக்கத்து மேசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஐந்து பேருக்கு 10 பாட் முத்திரையோடு கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். அத்துடன் ஒரு நகலில் "நகல் சரியானது" என்று எழுதிய வரிக்குக் கீழே நிறுவன முத்திரை விழவில்லை. உரிமையாளர் அப்போது சியாங் மாயில் தன் தாயாரோடு இருந்தார். ஆறு நாள் போயிற்று. மூன்றாம் முறை எல்லாம் ஏற்கப்பட்டது. முதலாளி தொழிலாளி உறவை உறுதிசெய்யும் நேர்காணலும் சிரமமின்றி முடிந்தது. அந்தப் பதினைந்து நாளில் நாடெங்கும் பதிவானவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேர் வெளிச்சத்துக்கு வரத் தயாராக இருந்தார்கள் என்றால், முதலிலேயே இந்தக் கூடங்களைத் திறந்துவிட்டுப் பிறகு சட்டத்தைக் கொண்டுவந்திருக்கலாம் அல்லவா?

மூவரில் ஒருவருக்கு உண்மையான சோதனை 2018 ஜனவரியில், பாங்காக்கை அடுத்த சமுத் சாகோன் மாகாணத்தில் மியன்மார் அதிகாரிகள் நடத்திய குடியுரிமைச் சரிபார்ப்பில் வந்தது. மியன்மார் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாங்காக்கில் தட்டச்சு செய்தவர் காதில் விழுந்ததைத் தாய்லாந்து எழுத்தில் எழுதியிருந்தார். அது பழைய அட்டையிலுள்ள எழுத்தோடு ஓர் உயிர்க்குறி மாறியிருந்தது. பிழை நடந்த இடத்தில் திருத்தி வாருங்கள் என்றார்கள். பிழை நடந்த கூடமோ ஆகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது. மாவட்ட அலுவலகம் வேலைவாய்ப்பு அலுவலகத்தைக் காட்ட, வேலைவாய்ப்பு அலுவலகம் மறுபடி சமுத் சாகோனைக் காட்ட, மூன்று நாள் கூலியை இழந்து அந்த இளைஞர் என்னோடு அலைந்தார். வெளியே நின்ற தரகர் 4,000 பாட் கேட்டார். கொடுக்க மறுத்தோம். மூன்றாம் நாள் மாலை, ஓர் இளம் பெண் அதிகாரி காலாவதியான அட்டையின் நகலைக் கையில் வாங்கி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த இளைஞர் அவரைக் கைகூப்பி வணங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. ஆகவே இன்றும் இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலாவதியான அட்டையை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள்; இரசீது கைக்கு வந்ததும் நகராமல் அங்கேயே நின்று பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள்; அதிகாரப் பத்திரத்தில் 30 பாட் முத்திரையே ஒட்டுங்கள்; எல்லா நகலிலும் நீல மையில் கையெழுத்திட்டு வெற்றுப் படிகள் இரண்டு கூடுதலாக வைத்திருங்கள்.

அந்த நாள்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் அரசின் பொருளாதாரத் திட்டமான "தாய்லாந்து 4.0" என்றும், சாச்சோங்சாவ், சோன்புரி, ராயோங் ஆகிய மூன்று மாகாணங்களின் கிழக்குப் பொருளாதார வழித்தடம் என்றும் பேச்சு ஓடும். இயந்திர மனிதர்களும் மின்சாரக் கார்களும் வரட்டும். ஆனால் சமுத் சாகோனின் மகாச்சாயில் இறால் உரிப்பவர்களும், உயர்ந்த கட்டடங்களில் கம்பி கட்டுபவர்களும், எங்களைப் போன்ற கடைகளில் பாத்திரம் கழுவுபவர்களுமாக, அண்டை நாடுகளிலிருந்து வந்த சுமார் 30 லட்சம் பேரின் உழைப்பில் நிற்கும் ஒரு பொருளாதாரத்தை ஆள்பவர்கள், அவர்களைப் பாதுகாப்புப் பிரச்சினையாக மட்டும் பார்த்ததுதான் அந்த ஆட்சியின் பெரிய பொருளாதாரப் பிழை என்று நான் கருதுகிறேன்.

2018 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டது. அபராதம் ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் ஒரு லட்சம் பாட் என்று குறைந்தது. தொழிலாளிக்கான சிறைத்தண்டனை நீக்கப்பட்டது. சரிபார்ப்புக்கான கெடு மார்ச் 31-லிருந்து ஜூன் 30-க்குத் தள்ளிப்போனது. எங்கள் மூவரும் மே மாதமே வேலை அனுமதி பெற்றுவிட்டார்கள்.

மே சோட் வழியாகப் போன அக்கா, இரு அரசுகளின் ஒப்பந்த வழியில் முறையாகத் திரும்பி வர அந்த ஆண்டு செப்டம்பர் வரை ஆயிற்று. தன் ஊரில் ஒரு முகவருக்கு 15,000 பாட் கடன் வாங்கிக் கொடுத்திருந்தார். பாங்காக்கின் குறைந்தபட்ச நாள்கூலி அப்போது 325 பாட். ஜூலை 4 உத்தரவு மூன்று நாள் முன்னதாக வந்திருந்தால் அவர் அந்தப் பேருந்தில் ஏறியிருக்கமாட்டார். கடனின் கடைசித் தவணையை 2019 ஏப்ரலில் அவர் ஊருக்கு அனுப்பினார். பணம் அனுப்பிய சீட்டை என்னிடம் காட்டிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார்.