டிராக் ஸ்ட்ரிப்பில் முதல் நாள்: முதல் 60 அடியைக் கவனியுங்கள்

முதல் முறை டிராக் ரேஸ் (இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்து லேனில் நேர்கோட்டில் ஓடும் பந்தயம்) ஓட்டப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "வண்டியில என்னென்ன மாத்தணும்?" என்றுதான். ஒன்றும் மாற்ற வேண்டாம். தினமும் ஓட்டுகிற காரை அப்படியே கொண்டுபோங்கள். ஓட வேண்டிய தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். சில ஸ்ட்ரிப்களில் அதில் பாதிதான். இந்தத் தூரத்தில் புது ஆளுக்கு நேரம் போவது இன்ஜினால் அல்ல, கிளம்பும்போது கடக்கிற முதல் 60 அடியில். அந்த 60 அடி கைக்கும் காலுக்கும் பழகாமல் பார்ட்ஸ் வாங்கிப் போடுவது காசைக் கரைக்கிற வேலை.

போட்டி நடக்கிற நாளைத் தவிர்த்து, டெஸ்ட் அண்ட் டியூன் என்று பயிற்சிக்காகத் திறந்துவிடும் நாளில் போங்கள். தோற்றால் வெளியே என்கிற நெருக்கடி இருக்காது. வரிசையில் நின்று திரும்பத் திரும்ப ஓட்டலாம்.

முந்தைய நாளே வண்டியைப் பார்த்துவிடுங்கள். பேட்டரியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால், ஓட்டும் முன் வண்டியைச் சோதிக்கும் டெக் இன்ஸ்பெக்ஷனில் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வீல் நட்டுகளை வண்டியின் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ஆயில், கூலன்ட் ஒழுகல் எதுவும் இருக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் புடைப்போ, கம்பி தெரிவதோ இருந்தால் ஓட்டவே வேண்டாம். ஆக்ஸிலேட்டரை அழுத்தி விட்டால் பெடல் தானாகச் சட்டென்று மேலே வர வேண்டும்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், சீட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். எடை குறைவது கூடுதல் லாபம்தான். பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான காரணம். அதே காரணத்துக்காக டிரைவர் பக்கத்து மிதியடியையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போகக் கூடாது. வண்டி பாயும்போது எரிபொருள் பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்துவிடும்.

பருத்தியில் முழுக்கால் சட்டை, கையுள்ள சட்டை, மூடிய ஷூ போதும். நைலான் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிகளைப் பின்பற்றும் ஸ்ட்ரிப்களில் கால் மைலை 13.99 விநாடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடும் காருக்கு ஹெல்மெட் கட்டாயம். மெதுவான காராக இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும், ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் ஸ்டிக்கரில் 'எஸ்ஏ' என்று இருந்தால் அது கார் ரேஸுக்கானது, தீயைத் தாங்கும் சோதனையும் செய்தது. 'எம்' என்பது பைக் ஹெல்மெட். அதற்கு அந்தச் சோதனை கிடையாது. எதை அனுமதிப்பார்கள் என்று அந்த ஸ்ட்ரிப்பின் விதிமுறையை முன்னாலேயே படித்துவிடுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே ஏசியை அணைத்துவிடுங்கள். ஸ்டார்ட் லைனில் ஏசி தண்ணீர் சொட்டினால் உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் டயர்தான் வழுக்கும்.

அடுத்தது, தரையை நனைத்து வைத்திருக்கும் வாட்டர் பாக்ஸ். பட்டன் (வரிப்பள்ளம்) இல்லாத ஸ்லிக் டயர் போட்டவர்கள் அதில் டயரைச் சுழற்றிச் சூடாக்குவார்கள். அதைப் பார்த்து நீங்களும் உள்ளே இறங்காதீர்கள். சாலை டயரின் பட்டனுக்குள் தண்ணீர் ஏறி, ஸ்டார்ட் லைன் வரை சொட்டிக்கொண்டே வரும். சுற்றிக்கொண்டு போய், காய்ந்த இடத்தில் ஓரிரு விநாடி சுழற்றி ஒட்டிய கல்லையும் மண்ணையும் உதறினால் போதும். டிரைவ் வீலின் (இன்ஜின் சுழற்றும் சக்கரத்தின்) காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 28 வரை இறக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் இறக்கினால் சாலை டயருக்குப் பெரிய பிடிப்பு கிடைக்காது, வேகத்தில் வண்டி ஆட ஆரம்பிக்கும்.

இனி ஸ்டேஜிங். முதல் நாள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். நடுவில் நிற்கும் விளக்குக் கம்பத்துக்கு கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர். அதன் உச்சியில் இருப்பது ப்ரீ-ஸ்டேஜ், ஸ்டேஜ் விளக்குகள். தரையை ஒட்டிக் குறுக்கே ஓடும் ஒளிக்கதிரை முன் டயர் மறைத்ததும் ப்ரீ-ஸ்டேஜ் எரியும். அங்கே நிறுத்தி, பக்கத்து லேன்காரரும் ப்ரீ-ஸ்டேஜ் ஆகும்வரை பொறுங்கள், அது மரியாதை. பிறகு பிரேக்கை லேசாக விட்டு விட்டுப் பிடித்து, அங்குலம் அங்குலமாக முன்னே நகருங்கள். சுமார் 7 அங்குலத்தில் ஸ்டேஜ் விளக்கு எரியும். எரிந்த அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் உருட்டினால் ப்ரீ-ஸ்டேஜ் அணைந்துவிடும். அது டீப் ஸ்டேஜ், முதல் நாள் உங்களுக்குத் தேவையில்லை.

அதன்பின் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் எரிந்து, பச்சை விழும். பலருக்கும் புரியாத விஷயம் ஒன்று: உங்கள் ஓட்ட நேரத்தை எண்ணும் கடிகாரம் பச்சையில் தொடங்குவதில்லை, உங்கள் முன் டயர் கதிரை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது. பச்சை விழுந்து மூன்று விநாடி கழித்துக் கிளம்பினாலும் அந்த மூன்று விநாடி ஓட்ட நேரத்தில் சேராது. அதனால் முதல் சில ஓட்டங்களில் பச்சையைப் பார்த்தே நிதானமாகக் கிளம்புங்கள். போட்டி என்று வந்தால் கணக்கு வேறு. ஒருவர் 0.500 விநாடி தாமதமாகக் கிளம்பி 14.20இல் ஓடினால் மொத்தம் 14.70. இன்னொருவர் 0.150இல் கிளம்பி 14.40இல் ஓடினால் 14.55. மெதுவான கார் ஜெயித்துவிட்டது. பழகியவர்கள் கடைசி மஞ்சளைப் பார்த்ததுமே காலை விடுவது இதனால்தான். கண் பார்த்துக் கால் அசைந்து வண்டி கதிரைத் தாண்டுவதற்குள் பச்சை விழுந்திருக்கும்.

மேனுவல் கியர் என்றால் 2,000 ஆர்பிஎம்மில் தொடங்குங்கள். கிளட்சைத் தடாலென்று விடாமல், ஆனால் இழுக்காமலும் விடுங்கள். டயர் சுழன்றால் அடுத்த முறை 300 குறையுங்கள். வண்டி மூச்சடைத்து இழுத்தால் 300 கூட்டுங்கள். முன் சக்கரம் இழுக்கும் காரில் கிளம்பும்போது எடை பின்னால் போய்விடுவதால் டயர் சீக்கிரம் வழுக்கும், இன்னும் மெல்லவே கிளம்பணும். ஆட்டோமேட்டிக்கில் இடது காலால் பிரேக்கை அழுத்தி 1,200 முதல் 1,500 வரை ஏற்றலாம்; ஓரிரு விநாடிக்கு மேல் பிடித்தால் கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்கும். கியர் மாற்றும்போது அவசரப்பட்டு மூன்றாவதுக்குப் பதிலாக முதல் கியரில் தள்ளிவிட்டால், இன்ஜின் அளவு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. அது வெட்டுவது எரிபொருளை. அப்போது இன்ஜினைச் சுற்றுவதோ சக்கரம். வால்வு வளைவது இப்படித்தான்.

வண்டி நடுக்கோட்டுப் பக்கமோ சுவர்ப் பக்கமோ ஒதுங்கினால் உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகும் சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள். வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். அந்தப் பக்க லேனில் இருப்பவருக்கே முன்னுரிமை, மற்றவர் காத்திருக்க வேண்டும். புகையோ, தடதட சத்தமோ வந்தால் உங்கள் லேனிலேயே சுவரோரம் ஒதுக்கி நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஆயில் ஸ்ட்ரிப் முழுக்கக் கோடு போடும். தீ இல்லாதவரை, ஆட்கள் வரும்வரை பெல்ட்டோடு உள்ளேயே இருங்கள்.

திரும்பும் வழியில் டைம் ஸ்லிப் தருவார்கள். அதில் மொத்த ஓட்ட நேரத்துக்குத்தான் எல்லோர் கண்ணும் போகும். நீங்கள் 60 அடி என்ற வரியைப் பாருங்கள். சாலை டயரில் 2.2 முதல் 2.5 விநாடி சகஜம். அங்கே 0.1 குறைந்தால் முடிவில் ஏறத்தாழ 0.15 குறையும். 60 அடி நேரம் மாறி, முடிவு வேகம் மாறாமல் இருந்தால் வித்தியாசம் நீங்கள் கிளம்பிய விதத்தில். 60 அடி அப்படியே இருந்து வேகம் மட்டும் இறங்கினால் இன்ஜின் சூடேறியிருக்கிறது, அல்லது கியர் மாற்றத்தில் சொதப்பியிருக்கிறீர்கள். ஸ்லிப்பின் பின்னாலேயே டயர்க் காற்றழுத்தம், கிளம்பிய ஆர்பிஎம், வெயில் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். காற்றையும் ஆர்பிஎம்மையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஓட்டங்களுக்கு நடுவே பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிரேக் கொதிக்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் டயர்க் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி, வீல் நட்டையும் ஆயில் அளவையும் இன்னொரு முறை பாருங்கள். இறக்கிவைத்த ஸ்டெப்னியை ஏற்றுங்கள். மிதியடியை விரிக்கும்போது அதன் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.